அச்சமும் வசதியும்: செக் தொலைக்காட்சித் தொடர்களில் விசுவாசத்தின் விலை

1970இல் செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தது. ஆலையிலோ அலுவலகத்திலோ ஓர் அறை, மேசைக்கு அந்தப் பக்கம் சில தோழர்கள், அவர்கள் முன்னால் ஒரு கோப்பு. என்ன கேட்டாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். 1968 ஆகஸ்டில் நாட்டுக்குள் நுழைந்த சோவியத் கூட்டணிப் படைகளின் வரவை நீங்கள் ஏற்கிறீர்களா? வந்தது ஆக்கிரமிப்புப் படை என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொல்ல உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். ‘சகோதர உதவி’ என்று சொன்னவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். சொல்ல மனம் வராதவர் உறுப்பினர் அட்டையை இழந்தார். பெரும்பாலும் வேலையையும் சேர்த்து. இப்படிக் கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். பேராசிரியர்கள் கொதிகலன் அறைகளில் நிலக்கரி அள்ளப் போனார்கள், பத்திரிகையாளர்கள் சன்னல் துடைக்கப் போனார்கள்.

அந்த அறையில் யாரும் யாரிடமும் நம்பிக்கையை எதிர்பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் வீடு, சம்பளம், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு, வாரக்கடைசிக்குக் கிராமத்தில் ஒரு சின்னக் குடில் எல்லாம் நிலைக்கும். 1968இன் சீர்திருத்தத் தலைவர் துப்செக்கை அகற்றிவிட்டு 1969 ஏப்ரலில் கட்சித் தலைமைக்கு வந்த குஸ்தாவ் ஹுசாக்கின் ஆட்சி, இதற்கு ‘இயல்பாக்கம்’ என்று பெயர் வைத்தது. இருபது ஆண்டு நீடித்த அந்தக் காலத்தின் தலையாய கலை எது என்று கேட்டால், தொலைக்காட்சித் தொடர் என்றுதான் சொல்வேன். நாவல்கள் தடைசெய்யப்பட்டன, புதிய அலைத் திரைப்பட இயக்குநர்களில் சிலர் நாட்டை விட்டுப் போனார்கள், சிலர் வாயடைத்துப் போனார்கள். தொடர் மட்டும் செழித்தது. 1969இல் தொலைக்காட்சியின் தலைமை இயக்குநராக அமர்த்தப்பட்ட யான் ஸெலென்கா 1989 வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஆட்சியின் ஆயுளும் அவருடைய பதவியின் ஆயுளும் ஒன்று.

சர்வாதிகாரத்தின் கீழ் விசுவாசமும் சமரசமும் எப்படி இயங்கின என்பதைக் காட்டும் தொடர்கள் என்றதும் நாம் பின்னாளில் எடுக்கப்பட்டவற்றைத்தான் நினைக்கிறோம். செக் நாட்டைப் பொறுத்தவரை 2013இல் எச்பிஓ ஐரோப்பாவுக்காக அக்னியெஷ்கா ஹாலண்ட் இயக்கிய ‘எரியும் புதர்’ அந்த வரிசையில் முதலிடம் பெறும். நல்ல தொடர், பெருமைக்குத் தகுதியானது. ஆனால் அதை மட்டும் பார்க்கிறவருக்குச் சமரசத்தின் பாதிதான் தெரியவரும். மறு பாதி, ஆட்சியே எடுத்த தொடர்களுக்குள் இருக்கிறது. அங்கே அது ஒளித்துவைக்கப்படவும் இல்லை. பட்டப்பகலில், இறைச்சிக் கடை முகப்பில், விலைச்சீட்டோடு தொங்குகிறது.

1977 இறுதியில் ஒளிபரப்பான ‘கடை மேசைக்குப் பின்னால் ஒரு பெண்’ பன்னிரண்டு பகுதிகள் கொண்டது. எழுதியவர் யாரோஸ்லாவ் டீட்ல், இயக்கியவர் யாரோஸ்லாவ் டூடெக். விவாகரத்தான ஆன்னா ஹோலுபோவா என்ற பெண் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்கிறாள். தொத்திறைச்சியும் பாலாடைக்கட்டியும் எடை போட்டுக் கொடுக்கும் பகுதி அவளுடையது. உடன் வேலை செய்பவர்களின் குடும்பச் சண்டை, ஒருத்தியின் காதல், இன்னொருவரின் குடி, பழைய கணவனின் தொல்லை, புதிதாக வரும் ஒரு கண்ணியமான மனிதர் என்று ஓராண்டு ஓடுகிறது. கட்சியைப் பற்றிய பேச்சு அபூர்வம். சுவரில் தொங்கும் பிரகடனங்கள் இல்லை, மேடைப் பேச்சு இல்லை. படப்பிடிப்பு பிராகா நகரின் ஸ்மீகோவ் பகுதியில் உண்மையான ஓர் அங்காடியில் நடந்தது. அலமாரிகளைப் பார்க்க வேண்டும்: அடுக்கடுக்காகப் பழம், வகைவகையாக இறைச்சி, குறையே இல்லாத ரொட்டி. ஆரஞ்சுக்கும் வாழைப்பழத்துக்கும் கிறிஸ்துமஸ் நேரத்தில் வரிசையில் நின்று பழகிய மக்கள், வீட்டில் உட்கார்ந்து இந்த அலமாரிகளைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த வாரமும் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பை எதிர்ப்பு என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். ஆட்சி கேட்ட அளவுக்கு அவர்கள் கொடுத்துவிட்டார்கள்: மாலையில் வீட்டிலிருந்தார்கள், தெருவில் இல்லை. வாட்ஸ்லாவ் ஹாவெல் 1978இல் எழுதிய ‘அதிகாரமற்றவர்களின் அதிகாரம்’ கட்டுரையில் வரும் காய்கறிக் கடைக்காரரை உலகம் அறியும். வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே உலகத் தொழிலாளர்களை ஒன்றுபடச் சொல்லும் அட்டையை அர்த்தம் யோசிக்காமல் வைப்பவர். வரலாற்றாசிரியர் பவுலினா பிரென் இந்தக் காலத்துத் தொடர்களைப் பற்றி 2010இல் ஒரு நூல் எழுதியபோது, அதன் தலைப்பிலேயே அந்தக் கடைக்காரரோடு அவருடைய தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்துக்கொண்டார். கூர்மையான சேர்க்கை. அட்டை வைக்க ஒரு நிமிடம் போதும். மிச்ச மாலை முழுவதும் அவர் என்ன செய்தார்? ஆன்னா ஹோலுபோவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்னாவாக நடித்தவர் யிர்ஷினா ஷ்வோர்ட்சோவா. இங்கேதான் திரைக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தொடர் ஒளிபரப்பாவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு, 1977 ஜனவரியில், ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசு தன் சொந்தக் குடிமக்களின் உரிமைகளை மதிக்க வேண்டும் என்று கேட்டு ‘சாசனம் 77’ வெளியானது. முதல் சுற்றில் ஏறத்தாழ இருநூற்று நாற்பது பேர் கையெழுத்து. ஜனவரி 28 அன்று நாட்டின் கலைஞர்களைத் தேசிய நாடக அரங்குக்கு அழைத்தார்கள். துரோகிகளைக் கண்டிக்கும் அறிக்கையை மேடையேறி வாசித்தவர் ஷ்வோர்ட்சோவா. அது பின்னாளில் ‘எதிர்ச்சாசனம்’ என்று பெயர் பெற்றது. ஒரு வாரம் கழித்து, இசைக் கலைஞர்களுக்காக நடந்த கூட்டத்தில் பாடகர் காரெல் கோட் பேசினார். கட்சி நாளேடான ‘ருடே ப்ராவோ’ கையெழுத்திட்டவர்களின் பெயர்களை நாள்தோறும் பத்தி பத்தியாக அச்சிட்டது. மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேல். சாசனம் 77இன் வாசகம் உள்நாட்டில் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆகவே கண்டித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்கள் கண்டிப்பது என்னவென்று படித்திருக்கவில்லை.

ஷ்வோர்ட்சோவாவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் நம்பினார். 2011இல் இறக்கும்வரை கம்யூனிஸ்டாகவே இருந்தார், மன்னிப்புக் கேட்கவில்லை, நான் கட்டாயப்படுத்தப்பட்டேன் என்று கதையளக்கவும் இல்லை. அரங்கில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த நம்பிக்கை இருந்திருக்கும்? மறுநாள் ஒத்திகை இருந்தது, வானொலி ஒப்பந்தம் இருந்தது, அடுத்த தொடரில் ஒரு பாத்திரம் காத்திருந்தது. கையெழுத்திட்டார்கள். விசுவாசியின் கை ஒன்று. வசதிக்காக எழுந்த கைகள் ஆயிரக்கணக்கில். ஆட்சியைத் தாங்கியவை இரண்டாவது வகைக் கைகள்.

அதே தொழிலில் இருந்த வ்லாஸ்தா க்ராமோஸ்தோவாவின் வாழ்க்கையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யுராய் ஹெர்ஸின் ‘பிணம் எரிப்பவன்’ படத்தில் நாயகனின் மனைவியாக நடித்தவர். சாசனம் 77இல் கையெழுத்திட்டார். மேடையும் கேமராவும் அவருக்கு மூடப்பட்டன. தன் குடியிருப்பின் வரவேற்பறையிலேயே நாடகம் போட்டார். 1978இல் அங்கே ‘மேக்பெத்’ நடந்தது. விருந்தினர் நாற்காலிகளில் பார்வையாளர்கள், வெளியே போலீஸ். வீரக்கதைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் இதே க்ராமோஸ்தோவா இளம் வயதில் சில காலம் இரகசியப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தவர். அதைப் பிற்பாடு தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதினார். ஒரே மனுஷி. முதலில் பணிந்தார், பிறகு பணிய மறுத்தார். இப்படி ஒரு வளைவைத் தாங்கும் பாத்திரத்தை அந்தக் காலத் தொடர்களிலும் நான் பார்த்ததில்லை, பின்னாளில் வந்தவற்றிலும் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சிக்கு மனிதர்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டும்.

டீட்லின் மற்ற தொடர்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஒன்றிரண்டைத் தவிர. ‘நகரத்து ஓரத்தில் ஒரு மருத்துவமனை’ உண்மையிலேயே நல்ல தொடர். மேற்கு ஜெர்மனியிலும் அதற்குப் பெரிய வரவேற்பு கிடைத்தது. அதில் நக்கல் பேசும் மருத்துவர் ஷ்ட்ரோஸ்மாயராக நடித்த மிலோஷ் கோபெட்ஸ்கி, 1987இல் நாடகக் கலைஞர்கள் மாநாட்டில் எழுந்து, தலைவர்கள் உரிய நேரத்தில் மேடையை விட்டு இறங்கக் கற்க வேண்டும் என்ற பொருளில் பேசியது தனிக் கதை. 1981இன் ‘வடக்கில் ஒரு மாவட்டம்’ இன்னொரு வகை. அதன் நாயகன் யோசெப் ப்ளாடெனீக், மாவட்டக் கட்சிச் செயலாளர். மனு வாங்கி உடனே தீர்த்துவைக்கும் நல்ல கலெக்டரைப் போல அவர் ஒவ்வொரு வாரமும் வீடில்லாதவருக்கு வீடு, தகராறுக்குத் தீர்வு என்று அலைகிறார். களைப்பார், இரக்கப்படுவார், உடல்நலம் குன்றுவார். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எந்தப் பாத்திரமும் கேட்பதில்லை. 1970இல் அவருடைய மாவட்டத்தில் எத்தனை பேரை அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள் என்பதும் வராது. அதிகாரத்தை நல்ல மனிதர் ஒருவரின் களைப்பாக மாற்றிக் காட்டுவதில் டீட்லுக்கு ஈடு யாருமில்லை.

வெளிப்படையான பிரச்சாரம் வேண்டுமென்றால் ‘மேஜர் ஸெமானின் முப்பது வழக்குகள்’ இருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் ஒத்துழைப்போடு எடுத்தது. இயக்கம் யிர்ஷி ஸெக்வென்ஸ், மேஜராக வ்லாதிமீர் ப்ராபெட்ஸ். 1945இல் தொடங்கி ஒவ்வொரு பகுதியும் ஓராண்டில் நடக்கும். வழக்குகள் பலவும் உண்மைச் சம்பவங்களிலிருந்து எடுக்கப்பட்டவை, ஆனால் முடிச்சுகள் மாற்றிப் போடப்பட்டவை. 1951இல் பாபிட்ஸே கிராமத்தில் உள்ளூர் அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பாதிரியார்கள் உட்படப் பலர் தூக்கிலிடப்பட்டார்கள். தொடரில் அது சதிகாரர்களை வேட்டையாடும் துப்பறியும் கதை. 1972இல் ஒரு சிறு பயணிகள் விமானம் மேற்கு ஜெர்மனிக்குக் கடத்தப்பட்டு விமானி கொல்லப்பட்டார். தொடரில் கடத்துபவர்கள் நீள்முடி வைத்த ராக் இசைக் குழுவினர். பார்த்த எவருக்கும் ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ குழு நினைவுக்கு வரும். 1976இல் அவர்கள்மீது நடந்த வழக்கிலிருந்துதான் சாசனம் 77 பிறந்தது. கடத்தலுக்கும் அந்தக் குழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மேஜர் ஸெமான் விசுவாசத்தின் முழு உருவம். சந்தேகப்படுவார், ஆனால் கட்சியைச் சந்தேகிக்க மாட்டார். மேலதிகாரிகளில் சிலர் தவறானவர்களாக இருக்கலாம், அமைப்பு தவறாக இருக்க முடியாது. 1999இல் செக் தொலைக்காட்சி இந்தத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தபோது உண்மை வரலாற்றைச் சொல்லும் நிகழ்ச்சிகளைக் கூடவே சேர்த்தது. முன்னாள் அரசியல் கைதிகள் அப்படியும் எதிர்த்தார்கள். அவர்களுடைய கோபம் புரிகிறது. என் பார்வையில் ஸெமானைவிட ஆன்னா ஹோலுபோவா ஆபத்தானவள். ஸெமான் பொய் சொல்வது கண்ணுக்குத் தெரியும். ஆன்னாவின் கதையில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட, அந்த அலமாரிகளைத் தவிர அதிகம் இல்லை.

இனி ‘எரியும் புதர்’. 1969 ஜனவரி 16 அன்று பிராகாவின் வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தில் இருபது வயது மாணவர் யான் பாலாக் உடலில் பெட்ரோல் ஊற்றித் தீவைத்துக்கொண்டார். தணிக்கை ஒழிய வேண்டும், ஆக்கிரமிப்பாளர்களின் ‘ஸ்ப்ராவி’ இதழ் விநியோகத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்கும் கடிதங்களை விட்டுச் சென்றார். மூன்று நாளில் இறந்தார். தொடர் தொடங்குவது அந்தச் சதுக்கத்தில். பிப்ரவரியில் செஸ்கா லீபா ஊரில் நடந்த கூட்டத்தில் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் விலேம் நோவி, பாலாக் தானாகச் சாகவில்லை என்றார். உடலைச் சுடாத ‘குளிர்த் தீ’ என்று சொல்லி மேற்கின் கைக்கூலிகள் அவரை ஏமாற்றினார்கள் என்பது அவருடைய கதை. பாலாக்கின் தாய் லிபுஷே பாலாகோவா வழக்குத் தொடுத்தார். வழக்கை எடுத்த வழக்கறிஞர் டாக்மர் புரெஷோவா. 1970இல் வழக்கு தோற்றது. தோற்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும்.

ஹாலண்ட் போலந்துக்காரர். ஆனால் பிராகா திரைப்படக் கல்லூரியில் படித்தவர், பாலாக் இறந்தபோது அந்த நகரத்திலேயே இருந்தவர், எதிர்ப்பாளர்களுக்குத் துணைநின்றதற்காகச் சிறையும் கண்டவர். ஆகவே அவருக்கு அலுவலகங்கள் தெரியும். தொடரின் நெருப்பு முதல் சில நிமிடங்களோடு முடிந்துவிடுகிறது. மிச்ச நேரம் முழுவதும் தாழ்வாரங்கள், கோப்புகள், தேநீர்க் கோப்பைகள். இவான் த்ரோயான் நடித்த போலீஸ் அதிகாரி வெறியர் கிடையாது, வேலையைச் சரியாகச் செய்ய விரும்பும் மனிதர். புரெஷோவாவின் அலுவலகத் தலைவரான மூத்த வழக்கறிஞர் அன்பானவர். அவரிடம் இரகசியப் போலீஸ் அவருடைய மகளை முன்வைத்து வருகிறது. அதற்குப் பிறகு அவருடைய முகத்தில் ஏற்படும் மாற்றம் தொடரின் மிகச் சிறந்த நடிப்புப் பகுதிகளில் ஒன்று.

என் தயக்கமும் அங்கேதான். மகளுக்காகப் பணிந்தவரை யார் குறை சொல்வார்? மிரட்டல் ஒரு காட்சியைத் தருகிறது: கதவு, கோட் போட்ட இருவர், ஒரு புகைப்படம், நீண்ட மௌனம். திரைக்கதைக்கு அதைவிட என்ன வேண்டும்! வசதி காட்சியைத் தராது. வார இறுதிக் குடிலுக்குச் சிமெண்ட் வாங்கித் தந்த நண்பருக்காகக் கூட்டத்தில் கை தூக்கியவரை எப்படி எடுப்பது? அதனால் பிற்காலத் தொடர்கள் சமரசத்தைப் பிழியப்பட்ட வாக்குமூலமாகக் காட்டப் பழகிவிட்டன. பார்ப்பவரும் நிம்மதியாக எழுந்து போகிறார்: என்னை யாரும் மகளை வைத்து மிரட்டவில்லை, ஆகவே நான் சுத்தம்.

அந்த வழக்கிலேயே இதற்கு ஒரு கடினமான மாதிரி உண்டு. நோவியின் பேச்சில் பெயர் அடிபட்டவர்களும் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எமில் ஸாடோபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். 1968இல் படைகளுக்கு எதிராகச் சதுக்கத்தில் நின்று பேசியவர். ராணுவத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, நிலத்தடி ஆய்வுக் குழுக்களோடு ஊர் ஊராகக் கூலி வேலை பார்த்தார். வழக்கை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டு நோவியிடம் மன்னிப்பும் கேட்டார். அச்சமா, களைப்பா, பழைய வாழ்க்கையில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையா? மூன்றும் கலந்திருக்கும். நாட்டின் மிகப் பெரிய வீரர் ஒருவர் இப்படி முடிந்தார் என்பதை மையமாக வைத்து ஒரு தொடர் எடுத்தால், பார்க்க எவ்வளவு சங்கடமாக இருக்கும்!

இந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்குத் தொலைக்காட்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ் வாசகர்கள் பலரும் பார்த்திருக்கும் ‘செர்னோபில்’ (2019) சாட்சி. அதன் கடைசிப் பகுதியில் விஞ்ஞானி வலேரி லெகாசோவ் நீதிமன்றத்தில் எழுந்து அணு உலையின் வடிவமைப்புக் கோளாறை அம்பலப்படுத்துகிறார். உண்மையில் 1987இல் நடந்த அந்த விசாரணையில் அவர் இருக்கவே இல்லை. அவர் பேசியது 1986 ஆகஸ்டில் வியன்னாவில், சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்தில். மணிக்கணக்கில் பேசினார்; எதிர்பாராத வெளிப்படைத்தன்மை என்று மேற்கு வியந்தது. ஆனால் பழியின் பெரும்பகுதி உலையை இயக்கிய ஊழியர்கள்மீது விழுந்தது. அவசரமாக உலையை நிறுத்தும் பொத்தானே ஆபத்தைக் கூட்டும் என்ற கோளாறு அங்கே மறைக்கப்பட்டது. முகமை தன் முடிவுகளைத் திருத்தி எழுதியது 1992இல்தான். லெகாசோவ் நிறையச் சொன்னார், ஒன்றை விழுங்கினார். அந்தப் பாதி உண்மைதான் அவருடைய வாழ்க்கையின் நாடகம். தொடரோ அவருக்கு அவர் ஆற்றாத ஓர் உரையைப் பரிசளித்து, விழுங்கியதை வாயிலிருந்து வரவழைத்துவிட்டது. நேர்த்தியான காட்சி. வரலாற்றுக்கு அநீதி.

ஜெர்மன் தொடரான ‘வைசென்சே’ (2010–2018) இந்த விஷயத்தில் கொஞ்சம் துணிச்சலானது. கிழக்கு பெர்லினில் ஒரு உளவுத்துறைக் குடும்பத்தை நடுவில் வைத்து, அப்பாவின் தளரும் விசுவாசத்தையும் மகனின் பதவி வெறியையும் சாப்பாட்டு மேசையிலேயே மோதவிடுகிறது. அப்பாவாக நடித்த ஊவே கோகிஷ், பதின்ம வயதில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பிக்க முயன்று சிறைபட்டவர். அங்கும்கூடக் காதலும் கடத்தலும் ஏறி, வசதியின் கதை பின்னால் போய்விடுகிறது.

புரெஷோவா பின்னாளில் செக் குடியரசின் நீதித்துறை அமைச்சரானார். ‘எரியும் புதர்’ செக் லயன் விருதுகள் பதினொன்றை அள்ளியது. ஷ்வோர்ட்சோவாவின் கடை குறுந்தகடாக விற்றது. பழைய நினைவுக்காக இன்றும் பார்க்கிறார்கள். இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் வாசகர் இரண்டையும் பார்க்கட்டும், ஆனால் வரிசையை மாற்றிப் பார்க்கட்டும். முதலில் ‘எரியும் புதர்’ மூன்று பகுதிகள். கோபம் வரும், வரட்டும். அது தணிந்த பிறகு ‘கடை மேசைக்குப் பின்னால் ஒரு பெண்’ தொடரின் ஏதாவது ஒரு பகுதி. கதையை விடுங்கள், கடைக்குள் கூடையோடு வந்து போகும் வாடிக்கையாளர்களின் முகங்களைக் கவனியுங்கள்.